ஓநாய்க்கும் ஒரு வாக்குமூலம்

சிறைக் கம்பிகளுக்குப் பின்னே நின்று ஓர் ஓநாய் பேசுகிறது. பன்றிக்குட்டிகளின் வீடுகளை ஊதித் தள்ளிய பொல்லாத விலங்கு என்று உலகமே தன்னைத் தூற்றுகிறதே, தன் தரப்பை எவரேனும் ஒரு நாளாவது கேட்டதுண்டா என்று முறையிடுகிறது. நடந்தது என்ன தெரியுமா? பாட்டியின் பிறந்தநாளுக்கு அது கேக் செய்துகொண்டிருந்ததாம். சர்க்கரை தீர்ந்துவிட்டதாம். அண்டை வீட்டாரிடம் ஒரு கோப்பை கடன் கேட்கச் சென்றதாம். அந்த நேரம் பார்த்துச் சளி பிடித்திருந்ததாம், தும்மல் வந்ததாம், தும்மிய வேகத்தில் வைக்கோல் வீடு சரிந்ததாம். உள்ளே பன்றி செத்துக் கிடந்ததாம். கண்ணெதிரே கிடக்கும் நல்ல உணவை வீணாக்குவானேன் என்று தின்றதாம். இவ்வளவுதான் நடந்ததாம்! இதைப் போய்ப் பெரும் கொடுமையாக ஊதிப் பெருக்கி எழுதிவிட்டார்களாம் செய்தியாளர்கள்!

1989ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஜான் செஸ்கா எழுத, லேன் ஸ்மித் படம் தீட்ட, வெளிவந்த 'மூன்று பன்றிக்குட்டிகளின் உண்மைக் கதை' என்னும் படநூலின் பொருள் இது. படிக்கும் பிள்ளை சிரிக்கிறது. படித்துக் காட்டும் நாமும் சிரிக்கிறோம். சிரித்து ஓய்ந்த பின் ஒரு கேள்வி எழுகிறது: இந்தச் சிரிப்பினால் விளைவது என்ன?

கேள்வி சிறிதன்று. பழைய தேவதைக் கதைகளை எடுத்து, புரட்டிப் போட்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லும் படநூல்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேலை நாடுகளில் மிகப் பல வந்துவிட்டன. இளவரசி டிராகனை வெல்கிறாள், சிண்டரெல்லா ஆண்பிள்ளையாகிறான், பன்றி பொல்லாததாகிறது, ஓநாய்க் குட்டிகள் நடுங்குகின்றன. புரட்டியதெல்லாம் புரட்சியாகிவிடுமா? சிரிக்க வைத்ததெல்லாம் சிந்திக்க வைத்ததாகுமா? ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் போகும் நூலாயிற்றே என்று எண்ணி, இவற்றை எடைபோடாமல் விடுவது தவறு. அந்த வயதில் விழும் விதையே பின்னர் வேரோடிப் போகிறது. ஆகவே எடைபோடுவோம்.

பேசும் ஓநாயும் பகுத்தறிவும்

முதல் எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். "பகுத்தறிவு பேசுகிற நமக்குப் பேசும் ஓநாய் எதற்கு? தீ உமிழும் டிராகன் எதற்கு? விண்மீனையும் விதையையும் பற்றிச் சொல்லிக் கொடுப்போம், மாயக் கதைகளை மூட்டை கட்டுவோம்" என்பார் நம் தோழர் ஒருவர். அவர் நோக்கம் தூயது. ஆனால் அவர் இரண்டு வேறு பொருள்களை ஒன்றென மயங்குகிறார்.

கற்பனை வேறு, கட்டுக்கதையை உண்மையென்று கட்டாயப்படுத்துவது வேறு. ஓநாய் பேசிற்று என்று நாம் தொடங்கும்போது, ஓநாய் பேசாது என்பதை நாமும் அறிவோம். கேட்கும் பிள்ளையும் அறியும். இருவரும் உடன்பட்டு ஆடும் ஆட்டம் அது. அந்தக் கதையை நம்பாத பிள்ளைக்குத் தண்டனை கிடையாது; நம்பிய பிள்ளையிடம் காணிக்கை கேட்பாரும் இல்லை. 'ஏன்?' என்று கேட்டால் கதை வளருமே ஒழியக் கண்கள் சிவப்பதில்லை. மூடநம்பிக்கையோ தன்னை ஆட்டமென்று ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை. கேள்வி கேட்டால் பாவம் என்கிறது. கேளாதிருந்தால் பக்குவம் என்கிறது.

எனவே அஞ்ச வேண்டியது பேசும் ஓநாயை அன்று. கதையின் மடியில் ஒளிந்துகொண்டு ஓசையின்றிப் பிள்ளையின் மனத்தில் குடியேறும் கருத்தை. ஓநாய் பேசாது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். ஏழையின் வீடு விழுந்தது அவன் சோம்பலால்தான் என்று கதை சொன்னால், அதைப் பிள்ளை எப்படிக் கண்டுகொள்ளும்?

முதலில் கைவைத்தவர் யார்?

ஏழை வீட்டைப் பற்றிச் சொன்னோம். அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

மூன்று பன்றிக்குட்டிகளின் கதை இன்று எப்படிச் சொல்லப்படுகிறது? இரண்டு குட்டிகள் சோம்பேறிகள். ஆடிப் பாடுவதற்காக அவசர அவசரமாக வைக்கோலாலும் சுள்ளியாலும் வீடு கட்டினார்கள். மூன்றாவது குட்டி உழைப்பாளி, செங்கல்லால் கட்டிப் பிழைத்தது. இதுதான் நீதி என்று பலர் பிள்ளைகளுக்கு ஓதுகிறார்கள். ஆனால் 1890ஆம் ஆண்டு ஜோசப் ஜேக்கப்ஸ் வெளியிட்ட ஆங்கில நாட்டுக் கதைத் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். அங்கே சோம்பல் என்னும் சொல்லுக்கே இடமில்லை. தாய்ப்பன்றியிடம் மூன்று குட்டிகளையும் வளர்க்கப் போதிய பொருள் இல்லை; அதனால் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி வைக்கிறது. முதற்குட்டி வழியில் கண்டவன் வைக்கோல் சுமந்து வந்தான். அதைக் கேட்டு வாங்கி வீடு கட்டிற்று. மூன்றாவது குட்டி கண்டவன் செங்கல் சுமந்து வந்தான். வேறுபாடு அவ்வளவே! வறுமை வெளியே தள்ளியது. வழியில் கிடைத்தது வீடாயிற்று. வைக்கோல் கிடைத்தவன் மாண்டான், செங்கல் கிடைத்தவன் வாழ்ந்தான்.

1933ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படத்திலே முதல் இரண்டு குட்டிகள் கையில் குழலும் பிடிலும் ஏந்தி ஆடுகின்றன. உழைப்பாளிக் குட்டியோ சாந்து பூசிச் செங்கல் அடுக்குகிறது. உயிர்ப்பலி நீங்கியது, நன்று. கூடவே தாயின் வறுமையும் நீங்கியது; அதனிடத்தில் குட்டிகளின் சோம்பல் வந்து அமர்ந்தது. வறுமை குற்றமாக மாறிய விதம் இது! மாற்றியவர் எவரும் "மாற்றினோம்" என்று பறைசாற்றவில்லை. சிரித்துக்கொண்டே, பாடிக்கொண்டே மாற்றினார்கள். அதுதான் ஆதிக் கதை என்று உலகம் எண்ணிக்கொண்டது.

ஜெர்மனியின் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் தம் கதைத் தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்டனர். அதிலே பனிவெண்மை என்னும் சிறுமியைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். ஹான்சலையும் கிரெட்டலையும் பசிக் கொடுமையால் காட்டில் விட்டுவரத் தூண்டுபவளும் பெற்ற தாயே. பின்னர் வந்த பதிப்புகளில் இருவரும் மாற்றாந்தாய் ஆனார்கள். தாய்மைக்கு இழுக்கு நேராமல் காக்கப்பட்டது. அதன் விலையாக மாற்றாந்தாய் என்று பெயர் தாங்கிய பெண்கள் அனைவர் மீதும் தலைமுறை தலைமுறையாகப் பழி விழுந்தது.

இங்கிலாந்தின் கவிஞர் ராபர்ட் சௌத்தி 1837இல் அச்சிட்ட மூன்று கரடிகளின் கதையில், கரடி வீட்டில் நுழைந்து கஞ்சியைக் குடித்தது பொன்முடிச் சிறுமி அல்லள்; ஒரு கிழவி. சன்னல் வழியே குதித்தோடிய அவள் கழுத்து முறிந்து செத்தாளோ, நாடோடி என்று பிடிபட்டுச் சீர்திருத்தச் சிறைக்குப் போனாளோ என்று கதை முடிகிறது. 1849இல் ஜோசப் கண்டால் கிழவியை நீக்கிவிட்டுச் சிறுமியை வைத்தார். பசித்த கிழவி நுழைந்தபோது அது குற்றம். அழகிய சிறுமி நுழைந்தபோது அது குறும்பு!

இவற்றை ஏன் அடுக்குகிறோம்? "தொன்மையான கதைகளை இன்றைய எழுத்தாளர்கள் கெடுக்கிறார்கள், முன்னோர் சொன்னபடி சொல்வதே முறை" என்று மூக்கால் அழுவார்க்கு விடையாகத்தான். எந்த முன்னோர்? எந்தப் பதிப்பு? தொன்மை என்று நீங்கள் கும்பிடுவதே ஒருவர் திருத்தி, மற்றொருவர் வெட்டி, இன்னொருவர் ஒட்டிய உருதான். கதைகள் எக்காலத்தும் மாற்றப்பட்டே வந்தன. பழைய திருத்தக்காரர்கள் கையை மறைத்துக்கொண்டார்கள். இன்றைய விளையாட்டு நூல் தன் கையை விரித்துக் காட்டுகிறது. "பார், நான் மாற்றுகிறேன், எதை மாற்றினேன், கண்டுபிடி" என்று பிள்ளையை அழைக்கிறது. இந்த நாணயம்தான் இந்நூல்களின் முதற்சிறப்பு என்பது நம் துணிபு.

சொல் மறைக்கிறது, படம் காட்டுகிறது

இனி ஓநாயிடம் திரும்புவோம். செஸ்காவின் நூலை வெறும் பரிவுக் கதை என்று கொள்வோர் உண்டு. "தீயவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறது, ஆகவே உயர்ந்த நூல்" என்பார்கள். அவ்வளவுதான் அதன் கருத்து என்றால், அதை நாம் பாராட்டமாட்டோம். ஏனெனில் வலியவன் ஒவ்வொருவனும் "என் தரப்பையும் கேளுங்கள்" என்றுதான் சொல்கிறான். அவன் தரப்பைக் கேட்பது அறம். கேட்டவுடன் நம்பிவிடுவது ஏமாளித்தனம்.

அந்த நூலின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. எழுத்தில் ஓநாய் தன்னைக் குற்றமற்ற பேரப்பிள்ளையாகக் காட்டிக்கொள்கிறது. படத்தைப் பாருங்கள்: கேக்குக்காக மாவு கலக்கும் கிண்ணத்தின் விளிம்பில் முயலின் காதுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன! வாய் ஒன்றைச் சொல்கிறது. கிண்ணம் மற்றொன்றைச் சொல்கிறது. எழுத்தறியாத பிள்ளை அந்தக் காதுகளை முதலில் கண்டுபிடித்துக் கத்துகிறது. எழுத்தை மட்டும் ஓட்டிப் படிக்கும் பெரியவர் கோட்டை விடுகிறார். அதே நூலில், ஓநாயைக் குற்றவாளியாக்கிய செய்தித்தாள் பன்றிகளின் செய்தித்தாள் என்பதும் படத்திலேயே தெரிகிறது. ஆகவே ஓநாயையும் முழுதாக நம்ப இயலாது; பன்றிகளின் ஏட்டையும் முழுதாக நம்ப இயலாது. நூல் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சான்றைத் தேடு, சாட்சியின் நலனைத் தேடு, அச்சிட்டவன் எவன் என்று தேடு: இதைவிடச் சிறந்த பாடத்தைப் பிள்ளைக்குப் படநூல் ஒன்று எப்படிச் சொல்ல முடியும்?

இருக்கை மாறினால் போதுமா?

அடுத்து, பெண்ணைப் பற்றிய கதைகள். பழைய கதைகளில் அவள் வேலை என்ன? தூங்குவது, காத்திருப்பது, மீட்கப்படுவது, மணமுடிக்கப்படுவது. இதைத் தலைகீழாக்கிய நூல்களுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, 1980இல் கனடாவில் வந்த 'காகிதப் பை இளவரசி'. எழுதியவர் ராபர்ட் மன்ச். ஓவியர் மைக்கேல் மார்ச்சென்கோ. மன்ச் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பணியாற்றிய நாளில், டிராகன் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். அங்கேயே பணியாற்றிய அவருடைய துணைவியார், எப்போதும் இளவரசனே இளவரசியை மீட்க வேண்டுமா, இளவரசி இளவரசனை மீட்கலாகாதா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறந்த பிள்ளையே இந்த நூல்.

டிராகன் வருகிறது, கோட்டையை நொறுக்குகிறது, இளவரசி எலிசபெத்தின் ஆடைகளையெல்லாம் எரிக்கிறது, அவள் மணக்கவிருந்த ரொனால்டைத் தூக்கிச் செல்கிறது. எரியாமல் எஞ்சியது ஒரு காகிதப் பை. அதை உடுத்திக்கொண்டு புறப்படுகிறாள். கையில் வாள் இல்லை, தேவதை தந்த வரம் இல்லை, அரண்மனை இல்லை. அறிவு ஒன்றே இருக்கிறது. டிராகனைப் புகழ்கிறாள். உன் மூச்சால் காடுகளை எரிப்பாயாமே என்கிறாள். ஐம்பது காடுகளை எரிக்கிறது, பின் நூறு காடுகளை எரிக்கிறது, அதோடு அதன் நெருப்பு தீர்ந்துபோகிறது. உலகைச் சுற்றிப் பறப்பாயாமே என்கிறாள். ஒருமுறை பறக்கிறது, மறுமுறையும் பறக்கிறது, களைத்து விழுந்து உறங்குகிறது. கதவைத் திறக்கிறாள். உள்ளே இருந்த ரொனால்டு நன்றி சொன்னானா? இல்லை! உன் தலை கலைந்திருக்கிறது, உடம்பெல்லாம் சாம்பல் நாற்றம், உடுத்தியிருப்பதோ அழுக்குப் பை. இளவரசி போல உடுத்திக்கொண்டு திரும்பி வா என்கிறான். நீ தோற்றத்தில் இளவரசன். குணத்தில் உதவாக்கரை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கதிரவனை நோக்கிக் கைவீசி ஆடியபடி போகிறாள். திருமணம் நடக்கவில்லை.

மற்றொன்று, 1987இல் இங்கிலாந்தின் பேபெட் கோல் எழுதி வரைந்த 'இளவரசன் சிண்டர்ஸ்'. சிண்டரெல்லா இங்கே ஒல்லியான, பருமுகம் கொண்ட ஏழை இளவரசன். தடித்த அண்ணன்மார் மூவர் களியாட்டத்துக்குப் போக, இவன் வீட்டு வேலை செய்து மடிகிறான். புகைக்கூண்டு வழியே அழுக்குத் தேவதை ஒருத்தி விழுந்து, தப்புத் தப்பாக வரம் தருகிறாள். அவனை மயிரடர்ந்த குரங்காக்கிவிடுகிறாள். இறுதியில் கண்ணாடிச் செருப்புக்குப் பதில் அவன் விட்டுச் சென்ற கால்சட்டை பொருந்த, செல்வ இளவரசி அவனை மணக்கிறாள். நகைச்சுவை குறைவில்லை, படங்களும் துள்ளுகின்றன. தடித்த உடம்பும் முரட்டுத்தனமுமே ஆண்மை என்னும் எண்ணத்தை நன்றாகவே கிண்டல் செய்கிறது. இவற்றை மறுக்க மாட்டோம்.

ஆனால் முடிவைப் பாருங்கள். அண்ணன்மார் மூவரும் சிறகு முளைத்த வீட்டுத் தேவதைகளாக்கப்பட்டு, அரண்மனையிலே என்றென்றைக்கும் வீட்டு வேலை செய்யும்படி தண்டிக்கப்படுகிறார்கள்! தேய்ப்பவன் மாறினான், தேய்க்க ஒருவன் வேண்டும் என்னும் ஏற்பாடு மாறவில்லை. அமர்பவன் மாறினான், அரியணை அப்படியே இருக்கிறது. வீட்டு வேலை இழிவு, அதை இழிந்தவர் செய்யட்டும் என்னும் பழைய கருத்து, பாவாடையைக் களைந்து கால்சட்டை அணிந்து மறுபடி வந்து நிற்கிறது.

இரண்டு நூல்களும் தலைகீழாக்கின. ஒன்று ஆட்களை இடம் மாற்றிற்று. மற்றொன்று அந்த இடங்களே வேண்டுமா என்று கேட்டது. எலிசபெத் டிராகனை வென்றதைவிட, வென்ற பின் "நீ எனக்கு வேண்டாம்" என்றாளே, அதுதான் திருத்தம். பழைய கதையின் பரிசையே மறுத்தவள் அவள். பழைய பரிசை வேறொருவர் கையில் கொடுப்பது வேடிக்கை. பரிசின் மதிப்பையே கேள்வி கேட்பது சீர்திருத்தம். இந்த அளவுகோலை நம் இளைஞர்கள் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அன்னத்தின் முட்டை

அளவுகோலை இன்னும் கூர்மையாக்க ஒரு கதை. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையை அறியாதார் யார்? கொத்தப்பட்டு, துரத்தப்பட்டு, பனியில் உறைந்த குஞ்சு கடைசியில் தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கிறது. தான் வாத்தே அன்று, அன்னம் என்று அறிகிறது. கல்லும் கரையும் கதை. தாழ்த்தி வைக்கப்பட்டவனுக்கு ஆறுதல் தரும் கதை என்று போற்றுகிறார்கள்.

நமக்கோ ஓர் உறுத்தல். அந்தக் குஞ்சு எதனால் உயர்ந்தது? உழைப்பாலா, அறிவாலா, அன்பாலா? இல்லை, பிறப்பால்! வாத்துப் பண்ணையில் பிறந்தாலும் என்ன, முட்டை அன்னத்தின் முட்டையாக இருந்தால் போதும் என்றே கதையும் சொல்கிறது. அப்படியானால் உண்மையிலேயே வாத்தாகப் பிறந்த அழகற்ற குஞ்சின் கதி என்ன? அதைக் கொத்தலாமா? பண்ணையின் கொடுமை தவறு என்று கதை சொல்லவில்லை. ஆள் தெரியாமல் கொத்திவிட்டார்கள் என்றுதான் சொல்கிறது. பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்க்கும் நாம் இதை எப்படி விழுங்குவது?

செஸ்காவும் லேன் ஸ்மித்தும் 1992இல் வெளியிட்ட 'நாற்றப் பாலாடைக்கட்டி மனிதன்' என்னும் தொகுப்பில் இக்கதை சில வரிகளில் முடிகிறது. அழகற்ற குஞ்சு, ஒருநாள் அன்னமாவேன் என்று காத்திருந்து வளர்ந்தது. வளர்ந்து அழகற்ற வாத்தாயிற்று. முற்றும்! பிள்ளைகள் வெடித்துச் சிரிக்கிறார்கள். பிறப்பு வந்து காப்பாற்றும் என்னும் பொய் நம்பிக்கையை ஒரே அடியில் வீழ்த்திய துணிவைப் பாராட்டுகிறோம். ஆயினும் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து? கொத்திய பண்ணையையா, கொத்துப்பட்ட குஞ்சையா? நூல் அதைத் தெளிவாக்கவில்லை. அன்னத்தின் ஆணவத்தை உடைத்த கை, வாத்தின் மானத்தைத் தூக்கி நிறுத்தவில்லை. பொய்யை இடிப்பது பாதி வேலை; அந்த இடத்தில் மெய்யை நடுவது மறுபாதி. பாதி வேலையோடு நின்ற கதை இது என்பது நம் தீர்ப்பு.

கோட்டையும் பூக்களும்

1993இல் கிரேக்க எழுத்தாளர் யூஜின் டிரிவிசாஸ் எழுத, ஆங்கில ஓவியர் ஹெலன் ஆக்சன்பரி தீட்டிய 'மூன்று ஓநாய்க் குட்டிகளும் பெரிய பொல்லாத பன்றியும்' இன்னொரு வகை. ஓநாய்க் குட்டிகள் செங்கல் வீட்டில் தொடங்குகின்றன. பன்றி சம்மட்டியோடு வருகிறது. கான்கிரீட் வீடு கட்டுகின்றன, துளைப்பொறியோடு வருகிறது. இரும்புக் கம்பியும் முள்வேலியும் பூட்டுகளுமாகக் கோட்டை கட்டுகின்றன, வெடிமருந்தோடு வருகிறது. கடைசியில் பூக்களால் ஒரு வீடு. ஊதித் தள்ள மூச்சை இழுத்த பன்றி, நறுமணத்தை உள்ளிழுக்கிறது, நெஞ்சு இளகுகிறது, ஆடுகிறது, நட்பாகிறது.

சுவர் தடிக்கத் தடிக்கச் சம்மட்டியும் தடிக்கிறது என்பதை ஒரு பிள்ளைக்கு இவ்வளவு எளிதாக வேறு எவரும் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. வல்லரசுகள் படைக்கலன்களை அடுக்கிப் போட்டியிட்ட நூற்றாண்டில் பிறந்த கதை அல்லவா! ஆனால் முடிவில் நமக்கு நிறைவில்லை. வீட்டை இடித்தவன் இடித்ததற்கு விடை சொல்லாமலே விருந்துக்கு அமர்கிறான். மணம் நுகர்ந்ததால் மனம் மாறிற்று என்பது இனிய கனவு. மனமாற்றத்துக்கும் முன்னே வேண்டியது பொறுப்பேற்றல். ஜானட், ஆலன் ஆல்பெர்க் இணையர் 1986இல் வெளியிட்ட 'மகிழ்ச்சியான தபால்காரர்' என்னும் நூலில், உறைக்குள்ளிருந்து உண்மையான கடிதங்களை உருவி எடுக்கலாம். கரடிகளுக்குப் பொன்முடியாள் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறாள். ஓநாய்க்கு வழக்கறிஞர் அறிவிப்பு வருகிறது. விளையாட்டுத்தான், ஆனால் குற்றத்துக்கு மன்னிப்பும், கொடுமைக்கு முறைமன்றமும் உண்டு என்பதை அந்த விளையாட்டு மறக்கவில்லை.

எல்லாவற்றிலும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது, அமெரிக்க ஓவியர் டேவிட் வீஸ்னர் 2001இல் வெளியிட்டு, 2002இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற 'மூன்று பன்றிகள்'. பழைய கதை பழையபடியே தொடங்குகிறது. ஓநாய் ஊதுகிறது. ஊதிய வேகத்தில் முதற்குட்டி படத்தின் சட்டத்துக்கு வெளியே போய் விழுகிறது! ஓநாய் பன்றியைத் தின்றது என்று எழுத்து வழக்கம்போல் ஓதிக்கொண்டே இருக்கிறது. படத்திலோ ஓநாய் திருதிருவென விழிக்கிறது. வெளியே வந்த குட்டி உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொள்கிறது. தங்களைத் தின்ற தாளையே மடித்து விமானமாக்கிப் பறக்கிறார்கள். வேறு கதைகளுக்குள் நுழைகிறார்கள். கொல்லப்படவிருந்த ஒரு டிராகனை அதன் கதையிலிருந்து மீட்டு வருகிறார்கள்.

'உன் விதி இது என்று எழுதியாயிற்று' என்று எழுத்து சொல்கிறது. 'எழுதியது தாளில்தானே' என்று பன்றிக்குட்டி அந்தத் தாளை மடிக்கிறது! விதியைப் பற்றி எத்தனையோ ஏடுகள் எழுதியிருக்கிறோம், எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அதையெல்லாம் சொற்களே இல்லாத இரண்டு பக்கங்களில் ஓர் ஓவியர் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டார். தான் தப்பியதோடு நில்லாமல், அடுத்த கதையில் சிக்கியவனையும் மீட்டு வந்ததே அந்தக் குட்டி; அங்கே வேடிக்கை சீர்திருத்தமாக நிமிர்கிறது.

எப்படிப் படித்துக் காட்டுவது?

"பழைய கதையே தெரியாத பிள்ளைக்குப் புரட்டிய கதை எப்படிப் புரியும்?" என்று கேட்பது முறையான கேள்வி. புரியாதுதான். ஆகவே பழையதை ஒளிக்க வேண்டாம். பழையதையும் படித்துக் காட்டுவோம். புதியதையும் பக்கத்தில் வைப்போம். ஒன்றை மட்டும் கொடுப்பது போதனை. இரண்டையும் கொடுப்பது கல்வி. படித்து முடித்ததும் நீதி இதுவென்று நாம் ஓதவேண்டியதில்லை. மூன்றே கேள்விகள் போதும்: இந்தக் கதையைச் சொல்பவர் யார்? இதில் பேசாமலே இருப்பவர் யார்? முடிவில் யார் அரியணையில், யார் அடுப்படியில்?

பிள்ளைக்கு இது கடினம் என்று அஞ்ச வேண்டாம். பாட்டி சுட்ட வடையைக் காகம் திருடிய கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். நரி பாடச் சொன்னதும் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு காகம் பாடிற்று என்று அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் நம் தெருக்களில் உண்டு. எந்தப் பதிப்பகமும் அச்சிடுமுன் பிள்ளைகள் வாயில் உலவிய திருத்தம் அது. ஏமாறுவதற்கென்றே படைக்கப்பட்ட காகம், இனி ஏமாறேன் என்கிறது. அந்தத் திருத்தத்திலும் ஒருத்தி பேசாமலே இருக்கிறாள். வடை சுட்ட பாட்டி! காகம் வென்றதா, நரி வென்றதா என்று நாம் கைதட்டிக்கொண்டிருக்க, அடுப்பின் முன் வெந்த அவள் வடைக்கு விலை கொடுத்தவர் யார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்குமானால், அந்தப் பிள்ளையிடமிருந்துதான் அடுத்த கதை பிறக்கும்.

படிப்பகங்களில் பெரியவர்களுக்கென்று ஏடுகளை விரித்து வைக்கும் நம் தோழர்கள், ஒரு மூலையில் பாய் விரித்துப் பிள்ளைகளையும் அமர்த்தட்டும். படம் பார்க்கட்டும், சிரிக்கட்டும், கிண்ணத்தில் துருத்தும் முயற்காதுகளைக் கண்டுபிடித்துக் கூவட்டும். கேள்வி கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். அச்சிட்ட பக்கத்தை ஐயத்தோடு பார்க்கப் பழகிய கண்ணை நாளை எந்த ஓநாயின் வாக்குமூலமும் மயக்காது. எந்தப் பன்றியின் செய்தித்தாளும் ஏய்க்காது.